ஓராள் வண்டி

தனியாக ஊர் சுற்றப் போகிறவர் எந்த மாதிரி வண்டி வாங்கலாம் என்று பேச்செடுத்தால், பதில் சொல்கிறவர்கள் எல்லோரும் படுக்கையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். மெத்தை எத்தனை அடி, அடுப்பு எங்கே வரும், குளிக்க இடம் உண்டா, ஏசி வைக்கலாமா. வீட்டைச் சுருக்கிச் சக்கரத்தின் மேல் வைத்துவிட்டால் பயணம் அமைந்துவிடும் என்கிற நினைப்பு இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒண்டியாகப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பின்னால் நின்று “வா, வா, வரலாம்” என்று கை காட்ட ஆளில்லாமல் இந்த வண்டியை நான் திருப்ப முடியுமா? ராத்திரி ஒரு மணிக்கு யாரோ கண்ணாடியைத் தட்டினால் கீழே இறங்காமலே கிளம்பிவிட முடியுமா? வழியில் காய்ச்சல் வந்துவிட்டால், முன்பின் தெரியாத ஒரு ஊரின் குறுகலான கடைத்தெருவுக்குள் இதை ஓட்டிக்கொண்டு போய் டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்த முடியுமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடிய வண்டியில் மெத்தை எப்படியாவது இடம் பிடித்துக்கொள்ளும்.

போளூரில் இருந்துகொண்டு இதை யோசிப்பதில் ஒரு வசதி உண்டு. எல்லா மாதிரிச் சாலையும் இந்த ஊரைச் சுற்றியே கிடக்கிறது. வடக்கே வேலூர் சுமார் 50 கிலோமீட்டர், தெற்கே திருவண்ணாமலை சுமார் 35. இரண்டுக்கும் நடுவே ஓடும் நெடுஞ்சாலையில் எந்த வண்டியும் போகும். அதில் ஓட்டிப் பார்த்து வண்டி வாங்குகிறவர் எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. மேற்கே அத்திமூர் தாண்டி ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டிய பாதை அது. பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போனால் ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை மடக்கி நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் நெசவுக்காரர் தெருக்களில் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை விரித்துக் கட்டியிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் அதை இழை இழையாகச் சரிபார்த்துச் சுற்றி எடுத்துவிட வேண்டும். அதுவரைக்கும் அந்தத் தெருவில் சைக்கிள்கூட ஓரமாகத்தான் போகும். தெரியாமல் உள்ளே நுழைந்த பெரிய வண்டிக்கு முன்னாலும் வழியில்லை, பின்னாலும் வழியில்லை.

வண்டியோடு வீட்டையும் கூட்டிக்கொண்டு போவது நமக்குப் புதிதில்லை. ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்க இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போன காலத்தைப் பெரியவர்கள் இன்னமும் சொல்வார்கள். வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி அதன்மேல் ஜமுக்காளம். போகும்போது மனிதருக்கு மெத்தை, போய்ச் சேர்ந்தபின் மாட்டுக்குத் தீனி. அச்சுக்குக் கீழே லாந்தர் தொங்கும். நுகத்தடியை இறக்கிவிட்டால் வண்டியடியே நிழல், பக்கத்திலேயே மூன்று கல் அடுப்பு. இன்று அதே வேலையை டிராக்டர் டிரெய்லரும் 2005-இல் வந்த ‘குட்டியானை’ என்கிற சின்னச் சரக்கு வண்டியும் செய்கின்றன. மேலே தார்ப்பாய், உள்ளே பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பொங்கல் பானையும். ஆனால் இதெல்லாம் குடும்பத்துக்கான ஏற்பாடு. ஒருவர் மட்டும் கிளம்பினால் அவருக்கு நம் மரபு கொடுத்தது ஒரு துணிப்பை, ஒரு சத்திரத் திண்ணை, ஒரு கோயில் மண்டபம். காந்தியைப் பற்றிய படத்துக்காக 1937-இல் தொடங்கிக் கண்டம் கண்டமாக அலைந்த ஏ.கே. செட்டியாருக்கும் கப்பலும் ரயிலும்தான் துணை. ஓராளுக்கென்று ஒரு வண்டி நம்மிடம் உருவாகவே இல்லை.

இப்போது வருகிற வண்டிகளிலும் அதே கதைதான் தொடர்கிறது. கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. வாகமண்ணில் அதற்கான பூங்காவும் திறந்தது. நல்ல முயற்சி. ஆனால் அதில் வகுத்த வண்டிகள் இரண்டு வகை: இருவர் தங்குவது, நால்வர் தங்குவது. ஒருவருக்கானது இல்லை. ‘கேரவன்’ என்றால் நமக்கு சினிமா நடிகர்கள் படப்பிடிப்பில் உட்கார்ந்திருக்கும் வண்டி. அதற்கு ஓட்ட ஓர் ஆள், ஜெனரேட்டர் பார்க்க ஓர் ஆள், வழிவிடச் சொல்ல ஓர் ஆள் இருப்பார்கள். அந்த மாதிரியைச் சின்னதாக்கித் தனியாள் கையில் கொடுத்தால் அந்த மூன்று பேர் வேலையும் அவர் தலையில் விழும்.

தனியாளுக்கு இடம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது, குழித்தறி. நெசவாளி குழிக்குள் காலைத் தொங்கவிட்டு விளிம்பில் உட்காருகிறார். மிதிகட்டை காலடியில். நாடாவை ஓட்டும் கயிறு வலது கையில், அச்சுப் பலகை இடது கையில். தார்க்குச்சிகள் தொடையருகே ஒரு கிண்ணத்தில். நெய்த சேலை சுருண்டுகொண்டே போகும் படமரம் வயிற்றுக்கு நேரே. அறுந்த இழையை முடிய, தார் மாற்ற, தண்ணீர் குடிக்க, எதற்கும் எழுந்திருக்க வேண்டியதில்லை. உடம்பைச் சுற்றிக் கையெட்டும் தூரத்துக்குள் அந்த வேலையின் உலகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதே பட்டில் கோர்வைச் சேலை என்று வந்துவிட்டால் கணக்கு மாறும். உடலுக்கும் கரைக்கும் வேறு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடாவைக் கோத்துக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அந்த முறையில் ஒருவரே இரண்டு பக்கமும் உட்கார முடியாது. வண்டிகளிலும் சில கோர்வை வண்டிகள் இருக்கின்றன. அவற்றை அடையாளம் கண்டு விலக்கிவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகும் கேரவன் அப்படி ஒன்று. வெளிநாட்டுப் படங்களில் ஏரிக்கரையில் நிற்பதைப் பார்த்து ஆசை வரும். அங்கே அதற்கென்று மின்சாரமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் போட்ட மைதானங்கள் வழியெல்லாம் இருக்கின்றன. இழுத்துக்கொண்டு போய் அவிழ்த்து விட்டுவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம். இங்கே அவிழ்த்துவிட இடமில்லை. பின்னால் எடுக்கும்போது டிரெய்லர் எதிர்ப்பக்கமாகத் திரும்பும் என்பதால் கை காட்ட ஆள் வேண்டும். கொக்கி மாட்டுவதற்கும் ஆள் வேண்டும். ஜமுனாமரத்தூர் வளைவில் எதிர்வரும் பஸ்ஸுக்கு வழிவிட அதைப் பின்னால் தள்ளுவதை நினைத்தாலே போதும்.

பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு பெட்டி அறையைக் கட்டிக்கொள்வது அடுத்தது. இதற்கு இலக்கியச் செல்வாக்கு உண்டு. ஜான் ஸ்டெய்ன்பெக் 1960-இல் ஜிஎம்சி பிக்கப்பின் மேல் அறை கட்டி, அதற்கு டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரை வைத்து, ஒரு நாயோடு அமெரிக்காவைச் சுற்றிவந்தார். இந்த வகையில் பலமும் உண்டு. கரடுமுரடான பாதைக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் படுக்கிற அறைக்கும் ஓட்டுகிற அறைக்கும் நடுவே சுவர். ராத்திரி ஏதோ சத்தம் கேட்கிறது, கிளம்பிவிடலாம் என்று தோன்றினால், கதவைத் திறந்து இருட்டில் இறங்கிச் சுற்றிவந்துதான் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியும். கூரையின் மேல் விரிக்கும் கூடாரத்துக்கும் இதே குறைதான். ஏணியில் இறங்கி, கூடாரத்தை மடக்கிக் கட்டி, பிறகுதான் கிளம்ப வேண்டும். துணைக்கு ஒருவர் இருந்தால் இது குறையே இல்லை. ஒண்டியாள், அதிலும் பெண், இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலூர் சாலையில் ஒரு டீக்கடையில், நாமக்கல் பதிவெண் லாரியிலிருந்து இறங்கிய டிரைவர் ஒருவரோடு இதைப் பேசிக்கொண்டிருந்தேன். உண்மையில் வண்டியில் குடியிருப்பது பற்றித் தமிழ்நாட்டில் கேட்க வேண்டியது இவர்களிடம்தான். இருக்கைக்குப் பின்னால் ஓராள் படுக்கும் பலகை, பக்கவாட்டு டூல்ஸ் பாக்ஸில் ஸ்டவ்வும் அரிசியும் புளியும், கதவோரம் தண்ணீர்க் கேன். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரர்கள் இப்படியே மாதக்கணக்கில் வடமாநிலங்களில் இருந்துவிட்டு வருகிறார்கள். முன்பு கிளீனர் இருப்பார். இப்போது பல லாரிகளில் டிரைவர் ஒருவர்தான். அவர் சொன்னார்: “தூங்கற எடம் எப்டி வேணா இருக்கட்டும் தம்பி. எழுந்தா கை ஸ்டியரிங்ல இருக்கணும். அதான் கணக்கு.” இந்தத் தொழிலில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு 2025-இல்தான், அதுவும் புதிதாகத் தயாராகும் லாரிகளில், குளிரூட்டிய கேபின் கட்டாயமாகியிருக்கிறது. எவ்வளவு காலம் தாழ்ந்த நியாயம்.

டிரைவர் சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் மிஞ்சுவது இரண்டு. ஒன்று டெம்போ டிராவலர், விங்கர் போன்ற பெரிய வேன். நடுவில் தடுப்பு வைக்காமல் கட்டினால் படுக்கையிலிருந்து இருக்கைக்கு உள்ளேயே நடந்து வரலாம். கூரையை உயர்த்திய வகையில் நிமிர்ந்து நிற்கலாம். முதுகுவலிக்காரர்களுக்கு, மாதக்கணக்கில் வெளியே இருந்து எழுதவோ படம் வரையவோ நினைப்பவர்களுக்கு இது பொருந்தும். 7,500 கிலோவுக்குள் இருப்பதால் சாதாரணக் கார் உரிமமே போதும். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று பதிவு செய்யத் தனி வகையும் இருக்கிறது. ஆனால் அதை அங்கீகாரம் பெற்ற இடத்தில் விதிப்படி கட்ட வேண்டும். தெரிந்த பட்டறையில் இருக்கையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கட்டில் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மீறி மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்று நம் தெருவில் தினமும் பார்க்கிற ஈகோ என்கிற சின்ன வேன். என் மனம் இதில்தான் நிற்கிறது. 3,675 மில்லிமீட்டர் நீளம், 1,475 அகலம். அதாவது பன்னிரண்டு அடிக்கு ஐந்தடிகூட இல்லை. இதற்கு முன்னோடியான ஆம்னி 1984-இல் வந்து 2019-இல் நின்றுபோனது. காய்கறி ஏற்றியது, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றியது, ஆம்புலன்ஸாகவும் ஓடியது. சுஸுகி ஜப்பானில் செய்துவந்த குட்டி வேன் குடும்பத்தில் பிறந்தது அது. அங்கே ‘கெய்’ எனப்படும் அந்த வகைக்கு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி என்று சட்டமே வரம்பு போட்டிருக்கிறது. அந்த வரம்புக்குள் படுக்கை போட்டுத் தனியாக நாடு சுற்றுகிறவர்கள் ஜப்பானில் நிறைய. இடம் குறைந்த நாட்டில் பிறந்த அந்த அறிவு நமக்கும் பொருந்தும்.

ஈகோவின் குறைகளையும் சொல்ல வேண்டும். இன்ஜின் முன்னிருக்கைக்கு அடியில் இருக்கிறது. மலை ஏறி வந்து நிறுத்தினால் இருக்கை கொஞ்ச நேரத்துக்குத் தணல் மாதிரி இருக்கும். சாப்பிட்டு, நடந்து, பேசிவிட்டு வந்து படுக்கிறவருக்குப் பரவாயில்லை, நிறுத்தியவுடன் படுக்க நினைத்தால் முடியாது. ஐந்தரை அடி ஆள் ஏறக்குறைய நேராகப் படுக்கலாம். அதற்கு மேல் உயரமென்றால் மூலைக்கு மூலை சாய வேண்டும். நிமிர்ந்து நிற்பது நடக்காது. ஆனால் பக்கக் கதவுகள் இரண்டும் நகர்ந்து திறப்பவை, சுவரோரம் ஒட்டி நிறுத்தினாலும் ஏறி இறங்கலாம். பின்சக்கரம் தள்ளும் வண்டி, ஏற்றத்தில் சுமையோடு திணறாது. எந்தத் தாலுகா ஊரிலும் மெக்கானிக் கைவைப்பார். படுக்கையிலிருந்து முன்னிருக்கைக்கு ஒரு கால் தாண்டினால் போதும். எதையும் போல்ட் போட்டு இறுக்காமல், இருக்கைகளின் மேல் மூன்றாக மடியும் பலகை, அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. ஊருக்குத் திரும்பியதும் எடுத்துப் பரணில் போட்டுவிட்டால் அது மறுபடி வெறும் வேன்.

மோட்டார் சைக்கிளை நான் மறக்கவில்லை. இளம் வயதுக்கு அதைவிடச் சுதந்திரம் வேறில்லை. ஆனால் மழையில் நனைகிற, பூட்டி வைக்க முடியாத, படுக்க முடியாத ஒன்றை இந்தப் பேச்சில் சேர்ப்பதற்கில்லை.

வெப்பத்தைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் எல்லோரையும் பெரிய வண்டிக்குத் தள்ளுவது அதுதான். சித்திரை வைகாசியில் எங்கள் பக்கம் 40 டிகிரி தாண்டும்; தகர உடம்பு வண்டி நடுச்சாமம்வரை சூடு விடாது. அதனால் ஏசி, ஏசிக்காக ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்காகப் பெரிய வண்டி என்று சங்கிலி நீள்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வோல்ட் மின்விசிறி ஒன்று 20 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 160 வாட்-மணி. விளக்கும் போன் சார்ஜும் சேர்த்தாலும் ஓர் இரவுக்கு 250-க்குள் முடியும். 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினாலே 600 கிடைக்கும், இரண்டு இரவுக்குத் தாராளம். கூரையில் 100 வாட் சோலார் தகடு ஒன்று நம் வெயிலில் ஒரு பகலில் சுமார் 400 திருப்பிக் கொடுத்துவிடும். ஒரு டன் ஏசியோ மணிக்கு ஏறத்தாழ ஆயிரம் கேட்கும். ஆறு மணி நேரத் தூக்கத்துக்கு அந்தப் பேட்டரியில் பத்து வேண்டும். இல்லையென்றால் ஜெனரேட்டரையோ இன்ஜினையோ ஓடவிட வேண்டும். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் தூங்கிய இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்திருந்தது. அதற்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. தனியாளை உலுக்கி எழுப்ப வண்டிக்குள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். மூடிய வேனுக்குள் கேஸ் அடுப்பு வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். இன்ஜினை அணை, இரண்டு பக்கக் கண்ணாடியிலும் கொசுவலை கட்டு, விசிறியைப் போடு. அக்னி நட்சத்திரத்தில் சமவெளியில் தூங்காதே, மலைக்குப் போ, அல்லது லாட்ஜில் அறை எடு. ஐப்பசி முதல் மாசிவரை வானம் வெளுத்த நாட்களில் இந்த நாட்டில் விசிறியே போதும்.

சமையலறையும் வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணம் உண்டு. ஸ்டெய்ன்பெக் போன வழியில் கடையே இல்லாத தூரங்கள் இருந்தன. நமக்கு மூன்று நான்கு கிலோமீட்டருக்கு ஓர் ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை. காலையில் இட்லிக்காக ஒரு கடை பெஞ்சில் உட்கார வேண்டியிருப்பதால்தான், திருமலைச் சமணக் கோயிலுக்கு எந்த வழியில் போவது, அங்கே சாவி யாரிடம் இருக்கும் என்பதெல்லாம் தெரியவருகிறது. வண்டிக்குள்ளேயே காபி போட்டுக் குடிக்கிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. தனியாகப் போகிறவருக்கு வண்டி பெருக்கப் பெருக்க ஊர் சுருங்குகிறது. சின்ன வேனோடு போய், “ராத்திரிக்கு இங்க ஓரமா நிறுத்திக்கலாமா அண்ணே?” என்று கேட்டால், வேப்பமரத்தடியைக் காட்டி, “கொழா அந்தாண்ட இருக்குது, தண்ணி புடிச்சிக்கோ” என்கிறார்கள். பஸ் அளவு வண்டியோடு போனால் கேட்கவே கூச்சமாக இருக்கும்; கேட்டாலும் ‘என்ன வியாபாரம்?’ என்ற சந்தேகம் முந்திக்கொள்ளும்.

பெண்களுக்கு இந்த வேப்பமரத்தடி எளிதில் கிடைப்பதில்லை. கேள்வி அதிகம், பார்வை அதிகம். கறுப்பு பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இல் தடைசெய்துவிட்டது; வண்டியை நிறுத்திய பிறகு உள்ளிருந்து மாட்டும் துணித்திரைதான் வழி. உள்ளே ஓர் ஆளா, நான்கு பேரா என்று வெளியே தெரியக் கூடாது. பளிச்சென்று படம் வரைந்த கேரவனைவிட, பால் வண்டி மாதிரி யார் கண்ணிலும் தைக்காத வெள்ளை வேன் அவர்களுக்கு நல்லது. லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்க்கில் எரிபொருள் போட்டுவிட்டு, கேமராவும் வெளிச்சமும் உள்ள பக்கமாகக் கேட்டு நிறுத்துவது உத்தமம். காட்டோரம் அழகாக இருக்கிறதென்று ஜவ்வாது மலையில் வழியில் படுத்துவிடக் கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றித் தங்குவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம்.

ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுப்பதில் பாதி நம் கையில் இருக்கிறது. மீதி, நிறுத்துகிற இடத்தில் இருக்கிறது. அதை அரசாங்கம்தான் செய்ய முடியும், செலவும் பெரிதில்லை. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பல ஊர்களில் ஓட்டல் வளாகங்கள் வைத்திருக்கிறது. அறை எடுக்காதவரும் இரவு ஒரு வேனை உள்ளே நிறுத்திக் குளியலறையைப் பயன்படுத்தக் கட்டணம் ஒன்றை நிர்ணயிக்கலாம். வளாகம் இல்லாத இடத்தில், உதாரணமாக ஜமுனாமரத்தூரில், ஐந்தாறு வண்டி நிற்கும் மைதானம், சுற்றிலும் கம்பிவேலி, ஒரு விளக்குக் கம்பம், ஒரு குழாய், உள்ளே தாழ்ப்பாள் சரியாக விழுகிற இரண்டு கழிப்பறை, வண்டி எண்ணைக் குறிக்கும் ஒரு நோட்டு, அந்த ஊர்க்காரரே ஒருவர் இரவுக் காவலுக்கு. சாமைச் சோறும் குழம்பும் செய்து தர மலைக்கிராமத்து மகளிர் குழுவிடம் சொல்லிவைத்தால் அவர்களுக்கும் வருமானம். இருவருக்கும் நால்வருக்கும் திட்டம் தீட்டுகிறபோது, ஒருவருக்கான கட்டணத்தையும் அதில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.